சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியவர்கள்

இது நடந்தது. தீவின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். எழுதினால் வரைபடத்தில் தேடுவீர்கள். தேடினால் கிடைத்துவிடும்.

பிஜியின் கிழக்கே, லாவ் தீவுகளின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது என்பது போதும். நானும் என் கணவன் நெவிலும் எங்கள் பாய்மரப் படகில் அந்தக் கடலில் எட்டு வருடம் சுற்றியவர்கள். ஆறு மாதம் தீவுகள். புயல் பருவம் வந்தால் நியூசிலாந்தில் ஓபுவாவுக்குத் திரும்பிவிடுவோம். அங்கே மலைச்சரிவில் எங்களுக்கு ஒரு வீடு உண்டு. அதில் நெவில் படுக்கமாட்டான். கரைக்கு வந்த பிறகும் படகில்தான் தூங்குவான்.

அது கடைசி வருடம் என்று பேசி முடித்திருந்தோம். அவனுக்கு அறுபத்தாறு. முழங்கால் போய்விட்டது. படகின் பாயைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க என் கை வேண்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவனை முழுசாக வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சேர்க்க வேண்டும்.

"கரையில என்னை எங்க வைப்பே, ரே? ஷெட்டிலயா?" என்பான்.

"தக்காளிச் செடிக்குப் பக்கத்தில."

"தண்ணி ஊத்துவியா?"

"ஞாபகம் இருந்தா."

என் பெயர் ரேவின். அவன் மட்டும் ரே என்பான்.

ஆகஸ்ட் மாதம். பவளப்பாறைகளுக்கு நடுவில் இருந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. தீவின் மேற்குப் பக்கம். எட்டு மீட்டர் ஆழம், வெள்ளை மணல். நங்கூரம் போட நல்ல இடம். அந்தத் தீவில் ஊர் இல்லை என்று எங்கள் பழைய வழிகாட்டிப் புத்தகம் சொன்னது. ஆனால் தென்னைகளுக்கு மேலே புகை தெரிந்தது.

"ஆள் இருக்காங்க. வேரை எடு," என்றான் நெவில்.

அந்தப் பக்கம் எங்கே நங்கூரம் போட்டாலும் முதல் வேலை அதுதான். ஒரு கட்டு யங்கோனா வேரைக் கொண்டுபோய் ஊர்ப் பெரியவர் முன்னால் வைத்து, வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் குளிக்கக் கூடாது. தூண்டில் போடக் கூடாது. அவர் வேரை எடுத்துக்கொண்டால் நாம் அந்த ஊர் ஆள். பிறகு வேரை இடித்து, கரைத்து, எல்லோருமாக உட்கார்ந்து குடிப்பார்கள். எங்கள் படகில் அரிசி தீர்ந்தாலும் அந்த வேர் தீராது.

தொப்பியைக் கழற்றிவிட்டு, முழங்கால் மறைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் படகில் கரைக்குப் போனோம். கிழவர் ஒருவர் மணலில் நின்றிருந்தார். காத்திருந்தவர் மாதிரி. ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தார். பின்னால் போனோம்.

பதினைந்து வீடு இருக்கும். எல்லாம் ஓலைக் கூரை. தகரம் ஒன்றுகூட இல்லை.

"பாத்தியா, எவ்வளவு அழகா வச்சிருக்காங்க," என்றான் நெவில்.

எனக்கு வேறு ஒன்று பட்டது. நாய் குரைக்கவில்லை. பன்றி இல்லை. சேவல் இல்லை. நம் கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளைகள் இல்லை. புகை வந்தது. புகையின் வாசம் வரவில்லை.

வீட்டுக்குள் இருட்டு. கிழவர் நடுவில் உட்கார்ந்தார். சுவரோரம் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டு, பக்கத்துப் பாயைத் தட்டினாள். நான் போய் உட்கார்ந்தேன். பாய் ஈரமாக இருந்தது.

நெவில் வேரை அவர் முன்னால் வைத்தான். தனக்குத் தெரிந்த பிஜி மொழியில் சொல்ல வேண்டியதைச் சொன்னான். கிழவர் வேரைத் தொட்டார். கையைக் குவித்து மூன்று முறை தட்டினார். இந்த மண்ணும் தண்ணீரும் இனி உங்களுடையது, நீங்கள் எங்களுடையவர்கள் என்றார். எல்லாத் தீவிலும் சொல்வதுதான். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பதிலாக மற்றவர்களும் கை தட்டுவது வழக்கம். பெண்கள் தட்டவில்லை. பதில் வெளியிலிருந்து வந்தது. மரங்களுக்குள்ளிருந்து. நிறையக் கைகள்.

வரும்போது அங்கே ஒருவரையும் பார்க்கவில்லையே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

வேரை இடிக்கவில்லை. கிழவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மதம் என்ன என்று கேட்கவில்லை. லாவில் இதெல்லாம் கேட்காத பெரியவரை நான் பார்த்ததே கிடையாது. சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்து வந்துவிட்டோம்.

"மரியாதையான ஜனம்," என்றான் நெவில். "துடுப்பைக் கொடுன்னு கேக்கல. பெட்ரோல் இருக்கான்னு கேக்கல."

"உனக்கு அது மரியாதையாப் படுதா?"

"பின்னே? போன தீவில என் கண்ணாடியையே கழட்டிட்டான்."

சிரித்தோம். பீன்ஸ் டப்பா ஒன்றைத் திறந்து சாப்பிட்டோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நங்கூரம் போட்ட படகு எப்போதும் காற்றைப் பார்த்து நிற்கும். காற்று திரும்பினால் படகும் திரும்பும். அன்று காற்று கிழக்கிலிருந்து, தீவைத் தாண்டி வந்தது. அதனால் படகின் மூக்கு கரையைப் பார்த்து நின்றது. அது சரிதான்.

சூரியன் விழுந்ததும் காற்று நின்றது. பிறகு மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வீச ஆரம்பித்தது. மெதுவாக இல்லை. நன்றாகவே.

படகு திரும்பவில்லை.

காற்று பின்பக்கமிருந்து ஏறி அடித்தது. கூடாரத் துணி தலைகீழாக உப்பியது. படகின் மூக்கு கரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீரோட்டம்," என்றான் நெவில். "நீரோட்டம் பிடிச்சு வச்சிருக்கு."

ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தோம்.

ரொட்டி போட்ட இடத்திலேயே கிடந்தது. ஓட்டமே இல்லை.

நெவில் டார்ச்சை அணைத்தான். மேற்குக் காற்று வீசினால் அந்த இடம் ஆபத்து. நங்கூரம் நழுவினால் கரையில் போய் மோதுவோம். இருட்டில் பவளப்பாறை வாசலைத் தாண்டவும் முடியாது. விடிந்ததும் கிளம்புவது என்று முடிவு செய்தோம். முறை போட்டு விழித்திருந்தோம்.

வெப்பக் கடலில் படகின் அடியில் இரவெல்லாம் ஒரு சத்தம் கேட்கும். கடுகு பொரிவது மாதிரி. சின்ன இறால்கள் போடும் சத்தம். எட்டு வருடம் அதைக் கேட்டுத்தான் தூங்கினேன்.

அன்று அது இல்லை.

இரண்டு மணி பத்து நிமிடம். என் முறை. கரையிலிருந்து சத்தம் வந்தது.

டப்... டப்... டப்.

குவித்த கைகள். மூன்று முறை. பிறகு அமைதி.

நான் எண்ணாமலே எண்ணிக்கொண்டிருந்தேன். மறுபடி வந்தது. இந்த முறை கரைக்கும் எங்களுக்கும் நடுவில்.

அங்கே தண்ணீர்தான் இருக்கிறது.

நெவிலை எழுப்பினேன். இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

டப்... டப்... டப்.

எங்கள் காலுக்குக் கீழே. படகின் அடியில்.

நெவில் என் கையைப் பிடித்தான். நானும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரும் விளக்கைப் போடவில்லை.

பிறகு விடியும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து நாற்பதுக்கு முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்தது. இன்ஜினைப் போட்டோம். சங்கிலி இழுக்கும் மோட்டார் பாதி இழுத்துவிட்டு நின்றது. சங்கிலி நேராகக் கீழே இறங்கியிருந்தது. இம்மியும் வரவில்லை.

"பாறையில மாட்டியிருக்கும்," என்றான்.

"மணல்தானே நெவில்."

"இறங்கிப் பாக்கறேன்."

"வேண்டாம்."

அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினான். நான் முன்பக்கம் நின்றேன். அவன் ஒரு மூச்சில் நெடுநேரம் இருப்பான். ஆனால் அவ்வளவு நேரம் இருக்கமாட்டான்.

இருந்தான்.

பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தபோது மேலே வந்தான். ஏணியில் ஏறி உட்கார்ந்தான். உதடு நீலம்.

"எதிலயும் மாட்டல," என்றான்.

"அப்புறம்?"

"நங்கூரம் மணல்ல புதையவே இல்ல. மேலாப்புல சாஞ்சு கிடக்கு. சும்மா கிடக்கு, ரே."

"அப்புறம் எது பிடிச்சிருக்கு?"

அதற்குப் பிறகு அன்று முழுக்க அவன் பேசவில்லை.

நான்தான் செய்தேன். சங்கிலி முழுவதையும் ஓடவிட்டேன். அதன் கடைசி முனை படகோடு ஒரு கயிற்றால் கட்டியிருக்கும், அவசரத்துக்கு அறுத்துவிட. ரொட்டி அறுக்கும் கத்தியால் அறுத்தேன். அறுபது மீட்டர் சங்கிலியும் நங்கூரமும் போனது.

படகு ஒரு முறை குலுங்கியது. உடனே காற்றைப் பார்த்துத் திரும்பியது.

அப்போதுதான் கரையைப் பார்த்தேன்.

எல்லோரும் வந்திருந்தார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். அறுபது எழுபது பேர். மணலில் வரிசை வரிசையாகச் சம்மணமிட்டு, எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் கிழவர். அவருக்கு முன்னால் விரித்த ஒரு பாய். பாயில் ஒன்றும் இல்லை.

எதற்கோ காத்திருந்தார்கள்.

நான் கையசைத்தேன். யாரும் அசைக்கவில்லை.

வாசலைத் தாண்டி வெளியே வந்தோம். திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்துத் தீவு ஆறு மணி நேர ஓட்டம். நெவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் முதுகைச் சுட்டது. அவன் கை குளிர்ந்து கிடந்தது. காலைப் பிடித்தேன். குளிர். கழுத்தைத் தொட்டேன். துடிப்பு இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பயப்படும் அளவுக்கு இடைவெளி.

சூப் ஊட்டினேன். வாயில் நின்று வழிந்தது.

"வீட்டுக்குப் போறோம்," என்றேன். "கேக்குதா? வீட்டுக்குத்தான் போறோம்."

அந்தத் தீவில் ஊர் உண்டு. சேவல் கத்துவது கடலிலேயே கேட்டது. அதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். செமிசி தன் மோட்டார்ப் படகில் எதிரே வந்தான். அந்த ஊர்ப் பெரியவருக்காகப் பேசுகிறவன் அவன்தான். நான்கு வருடமாகத் தெரியும். வாய் சும்மா இருக்காது. நான் சின்ன நங்கூரத்தைக் கயிற்றில் கட்டிப் போடுவதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அக்கா, தூண்டிலா போடற? கேப்டன் தூங்கறாரா? வயசாயிடுச்சு, வேற ஆளைப் பாருன்னா கேட்டாத்தானே!"

பிறகு நெவிலைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

நெவிலை மருத்துவ நிலையத்துக்குத் தூக்கிப்போனார்கள். நர்ஸ் சலோத்தே மூன்று போர்வை போட்டாள். தெர்மாமீட்டரை உதறி மறுபடி மறுபடி வைத்தாள்.

"இது கெட்டுப்போச்சு," என்றாள். கெட்டிருக்கவில்லை. தன் வாயில் வைத்துப் பார்த்தபோது சரியாகக் காட்டியது.

வாசலில் உட்கார்ந்து செமிசியிடம் சொன்னேன். தீவின் பெயரைச் சொன்னதும் மென்றுகொண்டிருந்ததைத் துப்பினான்.

"வேரை யார்கிட்ட கொடுத்தீங்க?"

"அங்க இருந்த பெரியவர்கிட்ட."

"அங்க யாரும் இல்ல அக்கா."

"அறுபது எழுபது பேரைப் பார்த்தேன்."

"இருப்பாங்க," என்றான். "எங்க தாத்தா காலத்தில ஒரு புயல். கடல் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கிடுச்சு. மிச்சம் இருந்த நாலு பேரு இங்க வந்தாங்க. அதில ஒருத்தர்தான் எங்க தாத்தா. நாங்க தேங்காய் வெட்ட வருஷத்துக்கு ரெண்டு தடவை போறோம். பகல்ல. முதல்ல வேரை வச்சிட்டுத்தான் மரத்தைத் தொடுவோம்."

"நாங்களும் வச்சோமே."

"வச்சீங்க. கிளம்பும்போது?"

எனக்குப் புரியவில்லை.

"கிளம்பும்போது இன்னொரு கட்டு வச்சு, போயிட்டு வரோம்னு கேட்டீங்களா? விடுங்கன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"எட்டு வருஷமா இந்தப் பக்கம் சுத்தறீங்க. ஒரு ஊர்லயாவது கேட்டிருக்கீங்களா?"

நான் யோசித்தேன். எந்த ஊரிலும் கேட்டதில்லை. என்னைப் போன்ற படகுக்காரர்கள் ஒருவரும் கேட்டுப் பார்த்ததில்லை. வழிகாட்டிப் புத்தகத்தில் வரும்போது செய்ய வேண்டியதற்கு நான்கு பக்கம் இருக்கும். காற்று நன்றாக இருந்தால் விடியற்காலையில் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்.

"நாங்கன்னா வெள்ளைக்காரங்க அப்படித்தான்னு விட்டுடுவோம்," என்றான் செமிசி. "அவங்க பழைய ஆளுங்க. வந்து சேர்ந்தவங்க சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பினா... அவங்க விட்டாத்தானே போனதா ஆகும்."

அவர்கள் வெறும் பாயை விரித்துக் கரையில் உட்கார்ந்திருந்தது எதற்கென்று அப்போது தெரிந்தது.

"நான் போய்க் கேக்கறேன்," என்றேன்.

"நீ போனா வந்த மாதிரி ஆயிடும். நான் போறேன்."

மறுநாள் விடிந்ததும் அவன் தன் தம்பியோடு போனான். எங்கள் படகிலிருந்து இருப்பதிலேயே பெரிய கட்டுகளாக இரண்டு கொடுத்தனுப்பினேன். நாள் முழுக்க நெவிலின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குப் பிறகு ஒரு நேரத்தில் என் கைக்குள் அவன் பாதம் சூடானது. முதலில் என் கைச்சூடு என்று நினைத்தேன். பிறகு அவன் கண்ணைத் திறந்தான்.

"பசிக்குது," என்றான்.

சலோத்தே தன் பக்கத்திலிருந்த கிழங்கை அப்படியே தட்டோடு கொடுத்தாள்.

சாயங்காலம் செமிசி திரும்பினான். படகில் எங்கள் நங்கூரமும் சங்கிலியும் கிடந்தன.

"சும்மாத்தான் கிடந்தது. ஒத்தக் கையால தூக்கினேன்," என்றான். பெருமையாகச் சொல்லவில்லை.

கையில் ஒரு வேர்க்கட்டு இருந்தது. அதை என் முன்னால் வைத்தான்.

"ரெண்டு பேருக்கும் ரெண்டு கட்டு வச்சேன். கேட்டேன். கையைத் தட்டிட்டுத் தள்ளிப் போய் நின்னோம். அப்படித்தான் செய்யணும். வந்து பாத்தா இது மட்டும் கிடக்குது."

"அப்படின்னா?"

"ஒரு கட்டை எடுத்துக்கிட்டு ஒருத்தரைப் போக விட்டுட்டாங்க."

"யாரை?" நெவில் பின்னால் நின்று கேட்டான்.

செமிசி தரையைப் பார்த்தான். "எது யாருக்குன்னு நான் சொல்லாம வச்சிட்டேன், கேப்டன். ரெண்டையும் எடுத்துப்பாங்கன்னு நினைச்சேன். அது என் தப்பு."

"மறுபடி போய்க் கேக்கலாமா?"

"கேட்டாச்சு. இனிமே கேட்டா மரியாதை இல்ல."

அன்று இரவு ஊரே மீன் சுட்டுப் போட்டது. நெவில் இரண்டு மீன் சாப்பிட்டான். செமிசியைக் கிண்டல் செய்தான். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. விடப்பட்டவன் இவன்தான் என்று நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு மீனில் உப்பு தெரியவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

படகுக்குத் திரும்பியபின் சொன்னான். "என்னை வச்சுக்கிட்டாப் பரவாயில்ல ரே. உனக்குத்தானே வீடு வேணும்."

"எனக்கு வீடு வேணும்னு யார் சொன்னா? நீ இருக்கற வீடு வேணும்."

"சரி, இருக்கேன்," என்றான்.

இருந்தான். நவம்பரில் ஓபுவா வந்து சேர்ந்தோம். டிசம்பரில் படகை விற்றோம். அவன் வீட்டுக் கட்டிலில் படுத்தான். ஆடலையே, தூக்கம் வரலையே என்று ஒரு வாரம் முனகினான். பிறகு பழகிவிட்டது.

பிப்ரவரியில், தூக்கத்தில் இறந்தான். இதயம் என்றார் டாக்டர்.

நான் அழவில்லை. வைத்துக்கொண்டது அவனைத்தான் என்று புரிந்தது. ஐந்தாறு மாதம் வெளியே விட்டுப் பிடித்திருக்கிறார்கள். உடம்பை இங்கே எரித்தோம். ஆள் அந்த இருட்டு வீட்டில், ஈரப் பாயில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் அதுதான் முதலில் வரும். அவனை வீட்டுக்குக் கூட்டிவர என்னால் முடியவில்லை.

அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. காபி வெந்நீர் மாதிரி இருக்கும். ஒரு முறை சூடான வாணலியில் கை வைத்து, தோல் கருகும் வாசம் வந்த பிறகுதான் எடுத்தேன். துக்கம் இப்படியும் இருக்கும் என்றார் டாக்டர். இருக்கும்.

போன நவம்பர். காலை. ஓபுவா படகுத்துறையில் ஒரு டீக்கடை. தீவுகளிலிருந்து படகுகள் திரும்பும் நேரம். பழக்கத்தில் அங்கே போய் உட்காருவேன். பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர், கணவனும் மனைவியும், என் மேஜைக்கு வந்தார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். நான் அவர்களைப் பார்த்ததே இல்லை.

"எங்களுக்கு முன்னாடியே வந்துட்டீங்களா!" என்றாள் அந்தப் பெண். "எந்தப் படகில வந்தீங்க?"

"நீங்க வேற யாரோன்னு நினைச்சு..."

"நீங்கதான். ஜூலையில பாத்தோமே." தீவின் பெயரைச் சொன்னாள்.

ஜூலையில் எனக்குக் கண் ஆபரேஷன். அந்த மாதம் முழுக்க வீட்டை விட்டு நகரவில்லை.

"அங்க யாரு இருந்தாங்க?" என்று கேட்டேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். பெயர் யான். அவன்தான் சொன்னான். "ஊர் முழுக்க. ஓலைவீடு. பெரியவர்கிட்ட வேரைக் கொடுத்தோம். நீங்க பின்னால, பெண்களோட உட்கார்ந்திருந்தீங்க. இங்க ஒரு வெள்ளைக்கார அம்மாவான்னு எங்களுக்கு ஆச்சரியம்."

"கிளம்பும்போது சொல்லிக்கிட்டீங்களா?"

"இன்னொரு கட்டு வச்சுக் கேட்டோம். எங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லித்தான் கேட்டோம். இப்பல்லாம் அங்க போற படகுக்காரங்ககிட்ட ஒருத்தர் விடாம சொல்லி அனுப்பறார், பக்கத்துத் தீவுல செமிசின்னு ஒருத்தர். நல்லபடியா அனுப்பி வச்சாங்க. எல்லாரும் கரைக்கு வந்து கை காட்டினாங்க. நீங்க மட்டும் வரல."

டீ முன்னால் இருந்தது. அதை எடுத்தேன்.

"அங்க ஒரு ஆள் இருந்தாரா? உயரமா, நரைச்ச தாடி. முழங்கால் சரியில்லாதவர். என்னை மாதிரி வெள்ளைக்காரர்."

"இல்ல. நீங்க ஒருத்தர்தான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"சின்ன ஊர்தானே. எல்லாரோடயும் உட்கார்ந்திருந்தோம்."

ஆவி பறந்த டீயை ஒரே மடக்கில் குடித்தேன். அவர்கள் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தப் பெண் என் தோளைத் தொட்டாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள். குளிர் பட்டது மாதிரி தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள்.

"எங்ககிட்ட நீங்க ஒண்ணே ஒண்ணு கேட்டீங்க," என்றாள். "'அவன் வீட்டுக்குப் போயிட்டானா?'ன்னு. யாரைக் கேக்கறீங்கன்னு எங்களுக்குப் புரியல. தெரியாதுன்னு சொல்லிட்டோம். தப்பா?"

"தப்பில்ல," என்றேன். "அடுத்த வருஷமும் அந்தப் பக்கம் போவீங்களா?"

"போவோம். ஏன்?"

"போனா அங்க உட்கார்ந்திருக்கற அவகிட்ட சொல்லிடுங்க. வந்துட்டான்னு."